என் மைக்கில் மட்டும்

ஏப். 16, புதன்

காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. அஸ்தம்பட்டி கிளினிக்கில் டோக்கன் எண் கூப்பிட்டுக் கூப்பிட்டே தொண்டை காய்ந்தது. வாங்க வேண்டியது: மிளகு, பனங்கற்கண்டு, சேலைக்கு ஃபால்ஸ்.

சாயங்காலம் ரிகர்சல். எங்கள் ஆர்க்கெஸ்ட்ரா ஓனர் கனகு அண்ணன் (கீபோர்டும் அவரே) போன மாதம் வாங்கிய டிஜிட்டல் பெட்டியின் பெருமை இன்னும் ஓயவில்லை. எக்கோ மெஷின், கிடாருக்கும் பேஸுக்கும் ஆம்ப், காலால் மிதிக்கிற பெடல்கள், முன்னால் கிடக்கும் மானிட்டர் ஸ்பீக்கர்கள், எல்லாம் போச்சு. அத்தனை வேலையும் அந்த ஒரு பெட்டிக்குள். மினி லாரி வேண்டாம், கார் டிக்கி போதும். அண்ணனின் மச்சான் பிரபு டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஜனங்களோடு உட்கார்ந்தே சவுண்டு பார்க்கிறான். மேடையில் எங்களுக்கு இயர்போன். அவரவர் குரல் அவரவர் காதில்.

எனக்கும் பிடித்துத்தான் இருக்கிறது. வயரில் சேலை மாட்டி விழப் பார்த்த நாளெல்லாம் உண்டு. இப்போது நாலு எட்டு நடக்க இடம்.

இன்னொன்று. இந்த ஒரு மாதமாக ஆளாளுக்கு என் குரலைச் சொல்கிறார்கள். மேச்சேரியில் ஒரு அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "தேனாட்டம் இருக்குது சாமி, உன்ற குரலு." வீட்டுக்காரர் கூட! பாராட்டென்று வாயே திறக்காத மனுஷன். "இப்பத்தான் உனக்குப் பாட்டு நல்லாப் பிடிபட்டிருக்குது" என்றார். தரையில் கால் பாவவில்லை.

ஏப். 19, சனி

மகள் போனில் மேச்சேரிக் கச்சேரி வீடியோ. தாலாட்டில் ஆராரோவை இழுத்து வழுக்கி இறக்குவேனே, அந்த இடம் படிப்படியாக வெட்டி இறக்கின மாதிரி கேட்டது. "போன் மைக்கு அப்படித்தாம்மா" என்றாள். இருக்கும்.

துணி ஊற வைத்தது ஊறியபடியே கிடக்கிறது.

ஏப். 21, திங்கள்

கோபத்தில் பேனா நிற்கவில்லை.

நேற்று எருமப்பட்டிப் பக்கம், மாரியம்மன் நோம்பித் திருவிழா. தாலாட்டு முடித்தேன். கைதட்டல். கோயில் தர்மகர்த்தா மேடை ஏறினார். வழக்கம்போல நடு மைக், அதாவது என் மைக், அவர் கைக்குப் போனது. எந்த ஊரிலும் அப்படித்தான், பாட்டுக்கு நடுவே ஊர் அறிவிப்பு. பிரபு அந்த நேரம் பார்த்து டீ குடிக்கப் போயிருந்தான்.

"பொங்க வெக்கறவங்க வண்டியெல்லாம் ரோட்டோரமா நிறுத்தோணுமுங்க" என்றார் பெரியவர்.

ஸ்பீக்கரில் வந்தது பாட்டு! ஒவ்வொரு வார்த்தையும் ஒரு ஸ்வரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. 'நிறுத்தோணுமுங்க' மட்டும் ஏறி, இறங்கி, ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. ஒரே விசில். பின்னாலிருந்து எவனோ, "ஒன்ஸ் மோர்!" பெரியவர் மைக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏனுங்க, நான் பேசறனா, பாடறனா?" அதுவும் ராகமாகத்தான் வந்தது.

நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். கூடப் பாடும் சேகரும் சிரித்துக்கொண்டே, "பிரபு உங்க மைக்குல போட்ட டியூனை ஆஃப் பண்ணலீங்க போல, அக்கா" என்றார்.

என்ன டியூன்?

சுருதி பிசகினால் பெட்டியே பிடித்து இழுத்துச் சரிபண்ணி வெளியே அனுப்புமாம். என் இயர்போனுக்கு என் குரல் அப்படியே. ஜனத்துக்குப் போவது பெட்டி திருத்தின குரல். "உங்களுக்குத் தெரியாதுங்களா?" என்றார் சேகர். டிரம்ஸ்காரர் வரை எல்லோருக்கும் தெரியும். பாடுகிறவளுக்கு மட்டும் தெரியாது.

திரும்பும்போது காரில் அண்ணனைப் பிடித்தேன். யார் யார் மைக்கில் போட்டிருக்கிறது?

"உங்களுக்கு மட்டுந்தானுங்க அம்மிணி. மேல போறப்பக் கொஞ்சம் இறங்குது. ஒரு சேஃப்டிக்கு."

சேகர் மேலே போனால் தொண்டை கிழிகிறதே, அவருக்கு?

"அது ஆம்பளைக் குரலுங்க. ஜனம் கண்டுக்காது."

என்ன நியாயம் இது! என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றால், "கேட்டா வேண்டாம்பீங்க" என்கிறார். அதனால் கேட்கவில்லையாம்! பிசகுகிறது என்று சொல்லியிருந்தால் உட்கார்ந்து சாதகம் பண்ணியிருப்பேனே.

அப்படியானால் தேன் என்று அந்த அம்மா சொன்னது எதை? வீட்டுக்காரர் வாய் திறந்தது எதற்கு?

ஏப். 23, புதன்

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நல்லாத்தான இருந்துச்சு, உடு" என்றார். சோற்றைப் போட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அண்ணனுக்குப் போன். பெட்டி இருக்கட்டும், எக்கோ இருக்கட்டும், பழைய ஆம்பெல்லாம் எனக்கும் வேண்டாம். என் சுருதியைத் தொட்டால் வரமாட்டேன் என்றேன். அண்ணன், "ஞாயித்துக்கிழமை மேச்சேரியில பாக்கலாமுங்க. ஜனம் ஏத்துக்கலீன்னா வேற குரல்தான் பாக்கோணும்."

"பாருங்க" என்றேன். வைத்த பிறகு அழுகை வந்தது. அதுவும் கோபம்தான்.

மிளகு தீர்ந்தது.

ஏப். 28, திங்கள்

நேற்று மேச்சேரி, காதுகுத்து விசேஷம். ஆரம்பிக்கும் முன் என் மைக்கை அண்ணன் கையில் கொடுத்து, "ஏதாவது பேசுங்கண்ணா" என்றேன். "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்றார். வெறும் பேச்சாகத்தான் வந்தது. சரி.

பாடினேன். உச்சியில் ஒரு இடம் எட்டவில்லை, எனக்கே கேட்டது. தாலாட்டில் அந்த இறக்கம் மட்டும் வழுக்கிக்கொண்டு வந்தது, என் இஷ்டத்துக்கு. வெளியிலும் அப்படியே போகிறது என்ற நினைப்பில் இன்னும் கொஞ்சம் இழுத்தேன். கைதட்டல் சுமார்.

இடைவேளையில், தேன் என்று சொன்ன அதே அம்மா வந்தார். கனகு அண்ணன் பக்கத்திலேயே டீ கிளாஸோடு, காதைத் தீட்டிக்கொண்டு.

"ஏஞ் சாமி, தொண்டை கட்டிக்கிச்சா?"

"இல்லீங்க. என்ற தொண்டையே இதுதானுங்க."

"அப்ப அன்னிக்குப் பாடுனது யாரு?"

"கனகு அண்ணனைக் கேளுங்க" என்று கையைக் காட்டிவிட்டு மேடை ஏறினேன்.