வெண்மதி வரும்வரை டீ இல்லை

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து மழை. கோட்டை மலை கண்ணுக்கே தெரியவில்லை. துவைத்த புடவை மூன்று நாளாய்க் காயவில்லை. டீ ஆறு தடவை.

வருகிற திங்கட்கிழமை என் பேத்தி வெண்மதி ஆப்பிரிக்கா போகிறாள். மலாவி என்று ஒரு தேசமாம். எங்கள் சர்ச் வாலிபர் குழுவிலிருந்து ஆறு பேர் ஊழியத்துக்குப் போகிறார்கள். அதில் நர்ஸ் படித்தவள் இவள் ஒருத்திதான். டிசம்பர் இருபதாம் தேதி திரும்பிவிடுவாள், கிறிஸ்துமஸுக்கு வீட்டில் இருப்பாள். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட இந்த நாகம்மாளின் பேத்திக்கு ஏரோப்ளேன்! தெருவில் பதினாலு வீட்டில் சொல்லியாயிற்று. இரண்டு வீடு பூட்டியிருந்தது. நாளைக்குப் போகணும்.

நவம்பர் 9, ஞாயிறு

என் வாயைத் தைக்கணும்.

ஆராதனை முடிந்ததும் ஆறு பிள்ளைகளையும் முன்னால் நிற்கவைத்து ஜெபித்தார்கள். செந்தமிழன் போதகர், "பிள்ளைங்களுக்காக யாராவது ஆண்டவருக்கு நேர்ந்து பொருத்தனை பண்றதுன்னா பண்ணலாம்" என்றார். மாதர் சங்கச் செயலாளர் பூங்குழலி டீச்சர் எழுந்து, பிள்ளைகள் திரும்பும்வரை வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் என்றார். எல்லோரும் அவரையே பார்த்தார்கள். போவது அவர் பேத்தியா? என் பேத்தி இல்லையா? எனக்கு என்ன வந்ததோ, எழுந்து நின்றுவிட்டேன்.

"எம் பேத்தி திரும்பி வந்து எம் வாசப்படிய மிதிக்கிற வரைக்கும் நான் டீயத் தொட மாட்டேன்."

சபையே மூச்சை இழுத்தது. என்னைப் பற்றித் தெரியாதவர்களா? பூங்குழலி டீச்சர் முகம் சுருங்கிப்போனது. அந்த ஒரு நிமிஷம் ரொம்ப நன்றாக இருந்தது. வெண்மதி மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

வீட்டுக்கு வரும் வழியில்தான் விரல்விட்டு எண்ணினேன். நாற்பது நாள். கடவுளே.

நவம்பர் 10, திங்கள்

வேன் ஏறிப் போய்விட்டாள். நான் அழவில்லை. தலைவலியில் அழுகை வரவில்லை.

நவம்பர் 12, புதன்

ஒரு யோசனை வந்தது. டீ என்றுதானே சொன்னேன்? காபி என்று சொல்லவில்லையே?

டிகாக்‌ஷன் இறக்கி வாயில் வைக்கப்போகும்போது பக்கத்து வீட்டுக் கமலாம்பாள் வந்து நின்றாள். அவள் அமாவாசை தவறாமல் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போகிறவள். நேர்ச்சை விஷயத்தில் அவளை ஏமாற்ற முடியாது.

"இன்னாடி நாகம்மா, சாமிகிட்டயே வக்கீல் வேல பாக்கறியா? எங்க ஆத்தாகிட்ட இப்பிடிப் பண்ணிப் பாரு, சும்மா உடுவாளா?"

"இது ஏசுசாமிடி. மன்னிச்சிடுவாரு."

"அவரு மன்னிச்சிடுவாரு. நான் இந்தத் தெருவுலதான இருக்கறேன்?"

காபியை வாழை மரத்துக்கு ஊற்றினேன்.

நவம்பர் 14, வெள்ளி

பிஸ்கட்டை வெந்நீரில் தொட்டுத் தின்று பார்த்தேன். பிஸ்கட்டுக்கே பிடிக்கவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

வெண்மதி வீடியோவில் வந்தாள்! கறுத்திருக்கிறாள், ஆனால் கண்ணெல்லாம் சிரிப்பு. நமக்குச் சாயங்காலம் நாலு மணி, அங்கே இன்னும் பன்னிரண்டரைதான். சாப்பாடு மக்காச்சோள மாவில் கிண்டின களி. இங்கே கேழ்வரகுக் களியைக் கண்டால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற பெண், அங்கே ரெண்டு உருண்டை கேட்டு வாங்கித் தின்கிறாளாம். மற்ற ஐந்து பேரும் ஸ்பூன் தேடுகிறார்கள், இவள் மட்டும் கையால் உருட்டுகிறாள் என்று அந்த ஊர்ப் பெண்களுக்கு இவளை ரொம்பப் பிடித்துவிட்டதாம்.

"பிரசங்கம் பண்ணியா கண்ணு?" என்றேன்.

"பிரசங்கமா? கக்கூஸுக்குக் குழி வெட்டினோம் ஆயா. பள்ளிக்கூடத்துக்கு ஆறு கக்கூஸ்."

போட்டோவும் அனுப்பினாள். முழங்கால்வரை சேறு, கையில் மண்வெட்டி. பதினாலு வீட்டிலும் நான் என்ன சொல்லியிருக்கிறேன்? ஆயிரம் பேர் முன்னால் மைக்கில் பேசப் போகிறாள் என்று!

கமலாம்பாள் எட்டிப் பார்த்து, "இன்னாது தோண்டுது?" என்றாள்.

"அஸ்திவாரம்" என்றேன். பொய் இல்லை. கக்கூஸுக்கும் அஸ்திவாரம் உண்டு.

போனை வைக்கும்போது வெண்மதி சொன்னது: "ஆயா, இங்க மலையச் சுத்திப் பூரா டீத்தோட்டம். பச்சப்பசேல்னு இருக்குது."

கர்த்தருக்கு விளையாட ஆளே கிடைக்கவில்லையா?

நவம்பர் 18, செவ்வாய்

ரைஸ்மில் கோதண்டராமன் தவறிவிட்டார். துக்கத்துக்குப் போனேன். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் எல்லோருக்கும் டீ வந்தது. இஞ்சி தட்டிப் போட்டது. என் முகத்துக்கு நேராய்த் தட்டு நின்றது. "வேணாம்பா" என்றேன், பொங்கி அழுகை வந்துவிட்டது. கோதண்டராமன் சம்சாரம் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "அவரு மேல இவ்ளோ பாசமா உனக்கு" என்று அழுதாள். அவரிடம் நான் மொத்தமே நாலு வார்த்தைதான் பேசியிருப்பேன்.

நவம்பர் 20, வியாழன்

இதை எழுதவே கூச்சம். ஆனாலும் எழுதுகிறேன்.

இன்று அமாவாசை. கமலாம்பாள் மேல்மலையனூர் போய்விடுவாள், தெருவில் போலீஸ் இல்லை. பொருத்தனை பொருத்தனைதான், ஆனால் டீக்கடைப் பக்கம் நின்று வாசனை பிடித்தால் பாவமா? பஸ் ஸ்டாண்டு கடைக்குப் போனேன். மாஸ்டர் தூக்கி ஆற்றிக்கொண்டிருந்தார். என் கை தானாய் நீண்டது. சத்தியமாகத் தானாய்.

"இன்னாடி, இங்க?"

கமலாம்பாள்! மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்ஸுக்கு அத்தனை பேரும் அந்தக் கடை வாசலில்தான் நிற்கிறார்கள்! அமாவாசைக்கு வேறெங்கே நிற்பார்கள்? அறுபத்தெட்டு வயசாகி இதுகூடத் தோன்றவில்லை.

"உன்ன வழியனுப்ப வந்தேன்" என்றேன்.

"முப்பது வருஷமாப் போறேன், ஒரு நாளும் வராதவ."

பஸ் கிளம்பும்வரை நின்று கையாட்டிவிட்டு வந்தேன். அவள் ஜன்னலிலிருந்து என்னையே பார்த்தாள், பஸ் திரும்பும்வரை.

நவம்பர் 27, வியாழன்

இன்று நடந்ததை முழுசாக எழுதணும்.

நாலு மணிக்கு வெண்மதி கூப்பிட்டாள். "ஆயா, ஈசல்! முறம் நெறைய ஈசல்! மழ பெஞ்சு கெளம்பிச்சு. எங்க குரூப்ல அஞ்சு பேரும் கத்திக்கினு ஓடிட்டாங்க. நீ எப்பிடி வறுப்ப, சீக்கிரம் சொல்லு."

இவளா கேட்கிறாள்? எங்கள் வீட்டில் தலைமுறையாய் ஈசல் வறுப்போம். இந்தப் பெண் பத்தாவது படிக்கும்போது, "எங்கூடப் படிக்கறவங்க வர்றாங்க, அந்தச் சட்டிய ஒளிச்சு வை ஆயா" என்றாள். ஒளித்தேன். அதன் பிறகு வறுக்கவே இல்லை. சர்ச்சில் ஒருவருக்கும் தெரியாது.

ஓடிப்போய் முறத்தை எடுத்து வந்தேன். போனை ஜன்னலில் சாய்த்து வைத்து, இறக்கை போக எப்படித் தேய்ப்பது, எப்படிப் புடைப்பது என்று வெறும் முறத்தில் செய்து காட்டினேன். அந்தப் பக்கம் என் வயசில் ஒரு அம்மா இருந்தாள். என்னைப் பார்த்து, தன் முறத்தைத் தூக்கிக் காட்டினாள். அதே மாதிரி முறம்! கொஞ்சம் வட்டம், அவ்வளவுதான். அவள் புடைக்கிறாள், நான் புடைக்கிறேன். "உப்பு கடைசிலதான்" என்றேன். வெண்மதி அந்தப் பாஷையில் சொல்வதற்கு முன்னாலேயே அவள் தலையாட்டினாள். "வறுத்த அரிசி சேர்க்கணும்" என்றேன். அதற்கு மட்டும் உதட்டைப் பிதுக்கினாள். சமையலில் பிடிவாதக்காரி போலிருக்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்தது.

திரும்பினால் வாசலில் கமலாம்பாள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். மானம் போயிற்று என்று நினைத்தேன்.

அவள் குரலைத் தாழ்த்தி, "எங்க மாமியாரும் வறுக்கும். நாங்க வெளிய சொல்றதில்ல" என்றாள். பிறகு, "எங்க வீட்ல பொட்டுக்கடல சேர்ப்போம்."

பொட்டுக்கடலையாம்! இதற்கு அந்த மலாவிக்காரியே தேவலை.

நவம்பர் 30, ஞாயிறு

அன்று நாங்கள் புடைத்ததை அங்கே எவனோ வீடியோ எடுத்து வாலிபர் குழு வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டான். ஆராதனை முடிந்து பூங்குழலி டீச்சர் என்னிடம் வந்தார். போச்சு என்று நினைத்தேன். "வறுத்த அரிசி எந்தப் பக்குவத்துல சேர்க்கணும்?" என்று கேட்டார்.

டிசம்பர் 13, சனி

இன்னும் ஏழு நாள். அடுப்பு மேடையில் டீ டம்ளரைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தேன்.

சாயங்காலம் வெண்மதி கூப்பிட்டாள். குரல் சரியில்லை. அங்கே மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸ் பிள்ளைப்பேற்றுக்குப் போகிறாராம். ஈஸ்டர்வரை இருக்க முடியுமா என்று இவளைக் கேட்டார்களாம். விசா நீட்டித்துத் தருவார்களாம்.

"அம்மாகிட்ட கேட்டேன், ஆயா சொன்னா சரின்னுடுச்சு. நீதான் சொல்லணும் ஆயா."

என் மகள் கலைச்செல்வி பொறுப்பை என் தலையில் போட்டுவிட்டு ஜவுளிக்கடை வேலைக்குப் போய்விட்டாள். கிறிஸ்துமஸ் சீசனாம்.

"புதன்கிழம சொல்றேன்" என்றேன்.

ஈஸ்டர். ஏப்ரல். ஏப்ரல்!

டிசம்பர் 14, ஞாயிறு

போதகர் வீட்டுக்குப் போனேன். "கர்த்தர் உங்ககிட்ட டீயக் கேக்கவே இல்லயேம்மா. நீங்களாத்தான் கொடுத்தீங்க. தேதி மாறிட்டா விட்டுடுங்க, யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க" என்றார். சொல்லும்போது அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் வாசப்படியை மிதிக்கிறவரைக்கும் என்று சொன்னது நான். தேதி சொல்லவில்லையே.

டிசம்பர் 15, திங்கள்

வரட்டும். வயசுப் பெண். கண்காணாத தேசம். கிறிஸ்துமஸுக்குப் பிள்ளை இல்லாத வீடு ஒரு வீடா?

டிசம்பர் 16, செவ்வாய்

காலை: இருக்கட்டும்.

மதியம்: வரட்டும்.

நான் "வா" என்று சொன்னால், அது பேத்திக்காகவா, டீக்காகவா? எனக்கே தெரியவில்லை. இது எவ்வளவு அசிங்கம்! பெற்ற மகளின் மகளையும் ஒரு டம்ளர் டீயையும் தராசில் வைத்துக்கொண்டு நிற்கிறேன்.

டிசம்பர் 17, புதன்

அவளே கூப்பிட்டாள். நான் பேசுவதற்குள் போனைத் திருப்பிக் காட்டினாள். ஒரு மாமரம். கிளையில் தராசு தொங்குகிறது, அதில் துணித் தொட்டில், அதில் ஒரு குழந்தை காலை உதைத்துக்கொண்டு கத்துகிறது. விடியுமுன் நடக்கத் தொடங்கிய தாய்மார்கள் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"நான் போய்ட்டா இந்தத் தராசக் கழட்டி உள்ள வச்சிடுவாங்க ஆயா. வேற ஆள் இல்ல."

கலைச்செல்வி பிறந்தபோது ஒண்ணே முக்கால் கிலோ. பிழைக்காது என்றார்கள். எங்கள் காலனிக்கு ஒரு நர்ஸம்மா சைக்கிளில் வருவார்கள், கேரளாக்காரம்மா. புளியமரக் கிளையில் தராசைக் கட்டி வாராவாரம் நிறுத்துப் பார்ப்பார்கள். நூறு கிராம் ஏறினால் அவர்கள்தான் முதலில் கை தட்டுவார்கள். மூன்று வருஷம் இருந்தார்கள். ஒரு கிறிஸ்துமஸுக்கும் அவர்கள் தங்கள் ஊருக்குப் போனதில்லை.

அவர்கள் ஊரில் அவர்களுக்கும் ஒரு ஆயா இருந்திருக்கும் இல்லையா? வழியைப் பார்த்துக்கொண்டு. அந்தக் கிழவி எதை விட்டிருந்தாளோ. டீயாக இருக்காது. அவ்வளவு பைத்தியம் யாருக்கு இருக்கும்.

"இரு கண்ணு" என்றேன். "இருந்துட்டு வா."

போனைத் தன் முகத்துக்குத் திருப்பினாள். பிறகு, "ஆயா, அப்ப உன் டீ?"

"டீ இன்னாடி டீ. விட்டே நாளாச்சு" என்றேன்.

இது பொய் என்று அவளுக்கும் தெரியும்.

டிசம்பர் 21, ஞாயிறு

ஐந்து பேர் வந்து சேர்ந்தார்கள். சர்ச்சில் எழுந்து, அங்கே நடந்ததைச் சாட்சியாகச் சொன்னார்கள். மூன்று பேர் வெண்மதி ஈசல் தின்றதைப் பற்றியே சொன்னார்கள்.

வெண்மதி எனக்கு ஒரு பொட்டலம் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். மலாவி டீத்தூள், ஒரு கிலோ. மேலே ஒட்டின சீட்டில், "நான் வந்து என் கையால் போட்டுத் தருகிறேன். அதுவரை பிரிக்காதே" என்று எழுதியிருக்கிறாள்.

டி.வி. மேல் வைத்தேன். பிறகு எடுத்துப் பீரோவில் வைத்தேன். பிறகு பீரோ சாவியைக் கலைச்செல்வியிடம் கொடுத்துவிட்டேன்.

டிசம்பர் 25, வியாழன்

ஸ்டார் கட்டினோம். கேக் தின்றோம். வெண்மதி அங்கே பாட்டுப் பாடினதைப் போனில் பார்த்தோம். முறத்துக்காரம்மா அவள் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்துக் கையாட்டினாள்.

பூங்குழலி டீச்சர் தெருவெல்லாம் கேட்கும்படி, "ஏப்ரல் வரைக்குமா? நீங்க கெட்டிக்காரங்கதான்மா" என்றார். அவருடைய உபவாசம் போன ஞாயிறோடு முடிந்தது. கன்னம் நன்றாக உப்பியிருக்கிறது.

டிசம்பர் 30, செவ்வாய்

சாயங்காலம் நாலு மணி. நாளிலேயே மோசமான நேரம். வெறும் வெந்நீரோடு உட்கார்ந்திருந்தேன்.

கமலாம்பாள் ஒரு சொம்பில் வெந்நீரும் தன் டம்ளரும் எடுத்துக்கொண்டு வந்தாள். "ஒண்டியாக் குடிச்சா பாவமா இருக்குது. இன்னைலருந்து ஈஸ்டர் வரைக்கும் நானும் டீ குடிக்கறதில்ல. உனக்குத் தொண" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

அவள் வாயைத் திறந்து பேசப் பேச, வாசனை வந்தது. ஏலக்காய். பால் கொஞ்சம் தூக்கலாக. வீட்டில் குடித்துவிட்டு நேராக வந்திருக்கிறாள்.

மூச்சை நன்றாக உள்ளே இழுத்தேன்.

"காது சரியாக் கேக்கல கமலா," என்றேன், "கொஞ்சம் கிட்ட வந்து ஒக்காந்து பேசு."