உன் அம்மா வாசிக்க விடாத அறிவிப்பு

எகுவாசி,
திங்கட்கிழமை

அன்பு மகள் மான்சாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் இங்கே உடம்பு மட்டில் எல்லோரும் சௌக்கியம், மனசு மட்டில்தான் எனக்குக் கொஞ்சமும் சௌக்கியம் இல்லை. கிளாஸ்கோ குளிரில் நீயும் மருமகனும் குட்டி ஆபாவும் இரண்டு மட்டிலும் நன்றாக இருக்க வேண்டும் என்று காலையில்கூட முழங்காலில் நின்று கேட்டுக்கொண்டேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனை எடுத்தால் உன் அம்மா மீன் கூடையை அப்படியே போட்டுவிட்டு வந்து என் தோளோடு காதை ஒட்டிக்கொண்டு நிற்கிறாள், விஷயமோ அவளைப் பற்றியது, அவள் காதுபட எப்படிச் சொல்வது. அதனால்தான் அவள் மீன் புகைபோடுகிற நேரமாகப் பார்த்து எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்று சொல்வதும் பொய், இதற்குள் எத்தனை தடவை எழுந்து வாசலுக்குப் போய் வந்தேனோ தெரியாது. எழுத்து கோணலாக இருந்தால் கண் கெட்டுவிட்டது என்று பயப்படாதே.

குழந்தைக்கு ஞானஸ்நானத்தைக் கிறிஸ்துமஸ் சமயம் நம் ஆலயத்தில் வைத்துக்கொள்ளலாமா, சொன்னால்தான் டிக்கெட் போட முடியும் என்று நீ கேட்டபோதெல்லாம் நான் பார்க்கலாம் பார்க்கலாம் என்று மழுப்பினேன். போன தடவை உனக்குக் கோபம் வந்து, “என்னப்பா, பேத்தி தலையில தண்ணி தெளிக்கக்கூட உங்களுக்கு யோசனையா?” என்று கேட்டுவிட்டாய். எனக்குச் சுருக்கென்று இருந்தது, மழுப்பிய காரணத்தை இப்போது சொல்கிறேன். ஈஸ்டர் முடிந்த வாரம் மேற்பார்வைப் போதகர் பிளாங்க்சன் ஐயா என்னை டுவாக்ரோமுக்குக் கூப்பிட்டனுப்பினார். அங்கே பெரிய ஆலயத்தின் அலுவலக அறையில் உட்கார வைத்து, எகுவாசி சபையை டுவாக்ரோம் சபையோடு சேர்த்துவிடத் தீர்மானம் ஆகிவிட்டது, கிறிஸ்துமஸுக்கு முன்னால் வருகிற அறுவடைப் பண்டிகை முடிந்ததும் உங்கள் ஆலயத்தில் ஆராதனை கிடையாது, எல்லோரும் காயலைத் தாண்டி இங்கே வந்துவிட வேண்டும், சபையின் வரவுசெலவையும் அறிவிப்பையும் பார்க்கிற உக்கிராணக்காரர் என்ற முறையில் நீங்கள் ஞாயிற்றுக்கிழமை அறிவிப்புகளோடு இதையும் வாசித்துவிடுங்கள், சபைக்கு முன்னால் அறிவித்தபிறகுதான் அது செல்லும் என்றார். மனுஷர் கெட்டவர் இல்லை. ஒன்பது சபைகளை ஒற்றை ஆளாகப் பார்க்கிறார், ஓட்டை மோட்டார் சைக்கிளில் அலைந்து அலைந்து முகம் கறுத்துக் கிடக்கிறது, நம் ஆலயக் கூரைத் தகட்டையோ உப்புக்காற்று தின்றுவிட்டது, ஞாயிறன்று நாம் கூடுகிற கூட்டத்தை இரண்டு படகில் ஏற்றிவிடலாம். இதெல்லாம் எனக்குத் தெரியும். அதனால் சரி ஐயா என்று சொல்லிவிட்டு வந்தேன். கொக்கோ கிடங்கில் வேலை பார்த்த காலம் முழுக்க மேலேயிருந்து வந்த உத்தரவுக்குச் சரி ஐயா என்று சொல்லியே பழகிய வாய் இது.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். அடுப்பை விசிறிக்கொண்டிருந்தவள் விசிறியைக் கீழே வைத்தாள். “சரின்னு சொல்லிட்டு வந்தீங்களா?” என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். மறுபடி விசிறியை எடுத்துக்கொண்டாள், அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. உன் அம்மா அராபா கத்தினால் எனக்குப் பயமில்லை, பேசாமல் இருந்தால்தான் பயம், அது உனக்கும் தெரியும்.

முதல் ஞாயிறு நான் எழுந்து நின்று, சனிக்கிழமை ஆலயம் பெருக்க எல்லோரும் துடைப்பம் கொண்டுவர வேண்டும், வெள்ளிக்கிழமை பெண்கள் ஐக்கியம் எக்குவா வீட்டில் கூடும் என்றெல்லாம் வரிசையாக வாசித்தேன். கடைசியில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு “மேலும்” என்றேன். அவ்வளவுதான், இரண்டாவது வரிசையிலிருந்து உன் அம்மா பாட்டெடுத்தாள். நீ அதைக் கேட்டே வளர்ந்தவள், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, பிரசங்கத்தின் நடுவே மனசில் பட்டால் ஒரு பெண் உட்கார்ந்த இடத்திலிருந்தே பாட்டெடுப்பாள், சபை பதில் பாடும், அது தானாக அடங்குகிறவரைக்கும் பேசுகிறவர் எத்தனை பெரியவராக இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும், நம் சபை தொடங்கிய நாளிலிருந்து அதுதான் முறை. ஆனால் அறிவிப்புக்கு நடுவே யாரும் பாட்டெடுத்து நான் பார்த்ததில்லை. எடுக்கக் கூடாது என்றும் எங்கும் சொல்லப்படவில்லை. “ராத்திரி முழுக்க வலை வீசினோமே, விடியலில் கரையில் நிற்பவர் யார்?” என்று இவள் கேட்க, “அடுப்பு மூட்டி மீன் சுட்டு நமக்காக நிற்கிறார்” என்று பெண்கள் எல்லோரும் பதில் கொடுக்க, கைக்குட்டைகள் மேலே பறக்க, ஆசீர்வாத ஜெபம் சொல்லும் நேரம் வந்துவிட்டது. நானும் ஏதோ ஆவியானவர் ஏவுதல் என்று நினைத்து நோட்டீசை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன், அவ்வளவு அப்பாவி உன் அப்பா.

அடுத்த ஞாயிறு யோசித்து, துடைப்பத்துக்கும் முன்னால் இதை முதலாவதாக வாசித்துவிடுவோம் என்று எழுந்தேன். தொண்டையைத்தான் கனைத்தேன், வாயையே திறக்கவில்லை, அவள் தொடங்கிவிட்டாள். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு என் கனைப்பில் எது துடைப்பம் எது தீர்மானம் என்று தெரியாதா. அதற்கடுத்த ஞாயிறு டுவாக்ரோமிலிருந்து ஃபீஃபி என்று ஒரு புதுப் பிரசங்கியார் வந்தார், மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. அவரைத் தனியாகக் கூப்பிட்டு, பிரசங்க முடிவில் நீங்களே இதைச் சொல்லிவிடுங்கள் தம்பி என்று காதில் போட்டேன். அவள் எங்கிருந்து பார்த்தாளோ, பாவம், அவர் முதல் வாக்கியத்தை முடிப்பதற்குள் பாட்டு, இரண்டாவதற்குப் பாட்டு, மூச்சு விட்டாலும் பாட்டு. அந்தப் பிள்ளை தன் பிரசங்கம்தான் சபையை இப்படி அசைக்கிறது என்று நினைத்துக்கொண்டு பிரசங்க பீடத்திலேயே ஆனந்தக் கண்ணீர் விட்டார். எகுவாசியில் எழுப்புதல் நெருப்பு பற்றிக்கொண்டது என்று டுவாக்ரோம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறாராம். எனக்குச் சிரிப்பும் வருகிறது, அந்தப் பிள்ளையை நினைத்தால் பாவமாகவும் இருக்கிறது.

சபையில் எல்லோருக்கும் விஷயம் தெரியும் மான்சா, ஒருவரும் என்னிடம் கேட்பதில்லை, கேட்டால் நான் சொல்லிவிடுவேனே. புதன்கிழமை விடியற்காலை சபையார் சின்னக் குழுவாகக் கூடுகிற வகுப்புக் கூட்டத்தில் வழக்கம்போல ஒவ்வொருவரிடமும் உங்கள் ஆத்துமா எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு வந்தேன். மணியடிக்கிற எஷுன் பெரியவர் முறை வந்ததும், “என் ஆத்துமா நல்லா இருக்கு எக்கோ, உன் பையில இருக்கிறது வெளிய வராதவரைக்கும் நல்லாவே இருக்கும்” என்றார். எல்லோரும் தரையைப் பார்த்துச் சிரித்தார்கள். அவருக்கு இப்போது இடது கால் சுத்தமாக மடங்குவதில்லை, படகில் ஏற்றி இறக்க முடியாது. அவர் விழுந்து கிடந்தபோது வகுப்பில்தான் முறை போட்டுக் குளிப்பாட்டினோம், புளித்த சோளமாவில் அவித்த கெங்கேயும் மிளகாய் அரைப்பும் கொண்டுபோய் ஊட்டினோம். டுவாக்ரோமில் அவருடைய பெயரையாவது யாருக்காவது தெரியுமா. இந்தக் கேள்வி வந்துவிட்டால் எனக்கு உட்கார முடிவதில்லை, எழுந்து கடற்கரைக்குப் போகிறேன், கடலைப் பார்த்தாலும் பிடிக்கவில்லை, திரும்பி வருகிறேன்.

இன்னொன்றும் உண்டு, இது நீ ஊரில் இல்லாதபோது நடந்ததால் உனக்குச் சொன்னதில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் டுவாக்ரோம் பெரிய ஆலயத்துக்குக் கூட்டு ஆராதனைக்குப் போயிருந்தோம். பிரசங்கத்தின் நடுவே உன் அம்மா தன்னை மறந்து பாட்டெடுத்துவிட்டாள். நம் பெண்கள் பதில் கொடுக்க வாயெடுக்கும் முன்பே ஆர்கன் வாசிக்கிறவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் இரண்டு கையாலும் கட்டைகளை அழுத்தி அவள் குரலை அமுக்கிவிட்டார். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவள் அப்படியே உட்கார்ந்தாள். திரும்பி வரும்போது படகில் அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தாள். அன்றைக்கு நான் எழுந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்காமல், தலைவலியா அராபா என்று கேட்டேன். இனி ஒவ்வொரு ஞாயிறும் அந்த ஆர்கனுக்குப் பக்கத்தில் போய் உட்கார் என்றுதான் நான் வாசிக்கப்போகிற நோட்டீஸ் அவளிடம் சொல்கிறது, அது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

போதகர் வாரத்துக்கு இரண்டு தடவை போன் போடுகிறார். “வாசிச்சாச்சா?” என்கிறார். “முயற்சி பண்ணிக்கிட்டே இருக்கேன் ஐயா” என்கிறேன். “ஒரு நோட்டீஸ் வாசிக்கறதுல முயற்சி என்ன ஐயா முயற்சி?” என்கிறார். “பாட்டு விடல ஐயா” என்றேன். போன வாரம் அவருக்குப் பொறுமை போய்விட்டது, இந்த ஞாயிறும் வாசிக்காவிட்டால் வேறு உக்கிராணக்காரரைப் போடுவேன் என்று சொல்லிவிட்டார். உன் தாத்தா வைத்திருந்த பொறுப்பு இது, அவருக்குப்பின் என் கைக்கு வந்தது, ஒரு சொல் வாங்கியதில்லை. சனிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் உன் அம்மாவிடம் நேராகவே கேட்டுவிட்டேன், என்னதான் செய்யச் சொல்கிறாய் என்று. அவள் மீன் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, “நாளைக்கு நான் வாயத் தொறக்க மாட்டேன். யாரும் பாட மாட்டாங்க, சொல்லி வெச்சிருக்கேன். நீங்க வாசிங்க. உங்க வாயால நீங்க சொல்றத நான் என் காதால கேக்கணும்” என்றாள். இதற்கு அவள் பத்து ஞாயிறு பாடியிருந்தாலும் தேவலை.

நேற்று எழுந்து நின்றேன். திருவிருந்து ஞாயிறு என்பதால் எல்லோரும் வெள்ளையில் வந்திருந்தார்கள். துடைப்பம் வாசித்தேன், எக்குவா மகன் திருமண ஓலை வாசித்தேன், பிறகு “மேலும்” என்றேன். ஒரு சத்தம் இல்லை. அலைச் சத்தம் கூரைத் தகட்டில் மோதித் திரும்புவதுகூடக் கேட்டது. பெண்கள் எல்லோரும் உன் அம்மாவைப் பார்த்தார்கள், உன் அம்மா கைக்குட்டையை மடியில் முடிச்சுப்போட்டு வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். எஷுன் பெரியவர் சரியாகக் கேட்கவேண்டும் என்று காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டார். நோட்டீஸ் கையில் விரித்தபடி இருக்கிறது, எழுத்தும் தெரிகிறது, வாயையும் திறந்துவிட்டேன். வந்தது நோட்டீஸ் இல்லை மகளே. “ராத்திரி முழுக்க வலை வீசினோமே” என்று வந்தது. என் குரல் உனக்குத் தெரியும், பாடகர் குழுவில் சேர்ந்த முதல் வாரமே உதட்டை மட்டும் அசைத்தால் போதும் என்று சொல்லிவிட்டார்களே, அந்தக் குரல். ஏறவேண்டிய இடத்தில் இறங்கிப் போனேன், “கரையில் நிற்பவர் யார்” என்பதற்குள் மூச்சு முட்டி நின்றுவிட்டேன். ஆண்பிள்ளை, அதிலும் உக்கிராணக்காரர், பாட்டெடுத்து யாரும் பார்த்ததில்லை, எல்லோரும் திகைத்து வாயைப் பிளந்துகொண்டிருந்தார்கள், பதில் கொடுக்க ஆளில்லை. அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. அப்புறம் உன் அம்மா குரல் வந்தது, அடுப்பு மூட்டி மீன் சுட்டு நமக்காக நிற்கிறார் என்று, மெதுவாக, என் கோணல் சுருதிக்கே இறங்கி வந்து பாடினாள். அதற்குமேல் சபை முழுக்க எழுந்துவிட்டது. நான் சட்டை நனைய நனையப் பாடினேன். ஆராதனை முடிந்து வாதுமை மரத்தடியில் எல்லோரும் கெங்கேயும் பொரித்த மீனும் சாப்பிட உட்கார்ந்தபோது உன் அம்மா மீன் தலையை என் தட்டில் வைத்து, “இவ்வளவு கேவலமான சுருதிய நான் பொறந்ததிலேர்ந்து கேட்டதில்ல” என்றாள். சொல்லிவிட்டு கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். உனக்குத் தெரியும் நான் எதற்கும் சீக்கிரம் அழுகிற ஆள் இல்லை, நேற்று மிளகாய் அதிகம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

இன்று காலை போதகர் போன் வந்தது. மறைக்காமல் சொல்லிவிட்டேன், “ஐயா, நேத்து பாடினது நான்தான்” என்று. மோட்டார் சைக்கிள் இரைச்சலுக்கு நடுவே அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு, வருகிற ஞாயிறு நானே வந்து அறிவிக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டார். இப்போது அதுதான் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது. நாம் செய்வது சரியா தப்பா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை, பாட்டு பாடிக் கூரையை ஒட்ட முடியாது, இரண்டு படகுக் கூட்டம் ஒரே நாளில் நான்கு படகுக் கூட்டம் ஆகிவிடாது. அந்த மனுஷரை வெயிலில் வரவழைத்து நிற்கவைத்து அவமானப்படுத்துவதும் நியாயமாகத் தெரியவில்லை. பாட்டு அடங்கியதும் அவரைக் கையைப் பிடித்து எஷுன் பெரியவர் பக்கத்தில் உட்காரவைத்து, இவரை எப்படிக் காயல் தாண்டிக் கொண்டுவரப் போகிறீர்கள், நீங்களே சொல்லுங்கள் ஐயா என்று கேட்கப்போகிறேன். கிடங்கில் ஒரு நாளும் நான் இப்படிக் கேட்டதில்லை. ஆனால் கேட்பேன்.

ஞானஸ்நானம் எங்கே என்று கேட்டாயே, இங்கேதான். டிக்கெட் போட்டுவிடு. கதவைப் பூட்டியிருந்தால் படிக்கட்டில் வைத்துக்கொள்வோம், தண்ணீர் நம்மிடம் இருக்கிறது. மருமகனை வெறும் வயிற்றோடு வேலைக்கு அனுப்பாதே, நீயும் இராத்திரி வேலை முடித்துவிட்டு வந்து குழந்தையோடு தரையில் படுக்காதே, ஈரம் ஏறும். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, உன்னை இந்தக் கரைக்குச் சுகமாகக் கொண்டுவந்து சேர்ப்பாராக, குட்டி ஆபாவுக்கு அவள் பாட்டியின் தொண்டையைக் கொடுத்து என்னுடையதைக் கொடுக்காமல் இருப்பாராக.

மறக்காமல் ஒன்று. தொண்டைக்காக வாயில் அடக்கிக்கொள்கிற அந்தக் கறுப்பு மிட்டாய் உங்கள் ஊரில் நன்றாக இருக்கும் என்றாயே, யாராவது வந்தால் இரண்டு டப்பா கொடுத்தனுப்பு. உன் அம்மா காலையிலிருந்து இஞ்சித் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறாள். இரண்டாவது டப்பா எனக்கு, அடுத்த அடியையும் மனப்பாடம் செய்யச் சொல்லியிருக்கிறாள்.

என்றும் உன் நினைவாக,
உன் அப்பா
ஜோசப் எக்கோ இன்கூம்
உக்கிராணக்காரர், எகுவாசி மெதடிஸ்ட் சபை
(இந்த ஞாயிறு வரைக்கும்)