மூட்டைக்குப் பதிலாக நான்

ஜூன் 3, செவ்வாய்

இன்று குடையில் எழுதினேன். ‘என் குடை’. நேற்று நாற்காலி. முந்தாநாள் டம்ளர். எழுபத்தொரு வயதில் எழுதக் கற்றுக்கொண்டவனுக்கு நோட்டு மட்டும் போதவில்லை. மாலை வகுப்பு டீச்சர் தினமும் நாலு வரி எழுதச் சொன்னார். எதன் மேல் என்று சொல்லவில்லை.

மகன் டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “வீட்ல இருக்கிறதே மூணு பேர். இதை யாருப்பா தூக்கிட்டுப் போகப் போறாங்க?” என்றான். அவன் மருந்துக்கடை வைத்திருப்பவன். அங்கே ஒவ்வொரு புட்டியிலும் பேர் ஒட்டியிருக்கும். நான் ஏனென்று கேட்டேனா?

ஜூன் 4, புதன்

மருமகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு மோட்டார் சைக்கிள் கம்பெனியில் வேலை. இன்னும் விற்பனைக்கு வராத வண்டிகளைப் பொதுச் சாலையில் ஓட்டிப் பார்த்து, எங்கே குலுங்குகிறது, எங்கே இழுக்கிறது என்று அறிக்கை கொடுக்க வேண்டும். இப்போது அவள் கையில் இருப்பது ஆயிரம் சிசி. பந்தய வண்டி மாதிரி. உருவம் யாருக்கும் தெரியக் கூடாதென்று உடம்பு முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாகச் சுழி சுழியாய் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்களாம். மூன்று மாதச் சோதனை. வண்டிக்கு அல்ல, அவளுக்கு. மாதக் கடைசியில் கொடுக்கிற அறிக்கை சரியாக இருந்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் வீடு.

சிக்கல் பின் சீட்டில். பின்னால் ஒரு ஆள் இருந்தால் வண்டி எப்படிப் போகும் என்று பார்க்க வேண்டும். ஆளுக்குப் பதிலாக மணல் மூட்டையைக் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அறுபத்தெட்டு கிலோ.

“நான் ஒரு பக்கம் சாய்ஞ்சா அது இன்னொரு பக்கம் சரியுது மாமா. பிரேக் போட்டா முதுகுல வந்து மோதுது. இதை வச்சுக்கிட்டு நான் என்னத்தை எழுதறது?”

மகன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “இறுக்கிக் கட்டு” என்றான்.

அறுபத்தெட்டை உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

ஜூன் 5, வியாழன்

மகன் கடையில் எடை பார்த்தேன். அறுபத்தேழரை. “என்னப்பா திடீர்னு?” என்றான். சும்மா என்றேன். செருப்போடு மறுபடி ஏறினேன். அறுபத்தெட்டு.

ஜூன் 6, வெள்ளி

மருமகளிடம் சொன்னேன். முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. போன வருடம் நான் சைக்கிளிலிருந்து விழுந்ததிலிருந்து, இரண்டு சக்கரம் உள்ள எதன் பக்கத்திலும் மகன் என்னை விடுவதில்லை. “அவருக்குத் தெரிஞ்சா?” என்றாள். “மூட்டை வாயைத் திறக்காது” என்றேன்.

ஜூன் 9, திங்கள்

இன்று எழுத்து வரிக்குள் நிற்கவில்லை. பயத்தில் இல்லை. சரி, கொஞ்சம் பயம்தான்.

நூலகத்துக்குப் போகிறேன் என்று வீட்டிலிருந்து கிளம்பினேன். நூலகத்தைத் தாண்டி ஒரு பஞ்சர் கடை. அங்கே அவள் காத்திருந்தாள். வண்டியைப் பார்த்தேன். வரிக்குதிரைக்கும் குளவிக்கும் பிறந்த பிள்ளை. பஞ்சர் கடைக்காரர் மூட்டையை அவிழ்த்து இறக்கி நிழலில் உட்கார வைத்தார். “இவருக்கு டீ வேணுமா?” என்று மூட்டையைக் காட்டிக் கேட்டார்.

பின் சீட்டு அரைச் செங்கல் அளவு. அதுவும் உயரத்தில். கால் வைக்கிற இடமும் உயரத்தில். ஏறி உட்கார்ந்தால் முட்டி இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வந்து என்ன விசேஷம் என்று கேட்கிறது. பிடித்துக்கொள்ள ஒரு சின்ன வார். “பிரேக் போடறப்போ கையை முன்னால நீட்டி டேங்க்ல ஊனிக்கோங்க மாமா. நான் சாயற பக்கமே சாயுங்க. எதிர்த்து சண்டை போடாதீங்க” என்றாள்.

கிளம்பினோம். உடம்பு வந்துவிட்டது. வயிறு மட்டும் பஞ்சர் கடையிலேயே மூட்டைக்குத் துணையாக நின்றுவிட்டது. அடுத்த சிக்னலில்தான் வந்து சேர்ந்தது.

நாற்பது வருடம் கிடங்கில் மூட்டை சுமந்தேன். இன்று நான் மூட்டை. என்னைச் சுமக்க ஒரு ஆயிரம் சிசி. சுமந்தவனுக்குத்தான் தெரியும் சுமக்கப்படுகிற சுகம்.

ஜூன் 10, செவ்வாய்

சாலையில் எவ்வளவு எழுதி வைத்திருக்கிறார்கள். இத்தனை வருடமும் அவை எனக்குத் தகரமாகத்தான் தெரிந்தன. இப்போது படிக்கலாம். ஆனால் வண்டி விட்டால்தானே. ‘வளைவு’ என்ற பலகையில் ‘வ’ படிப்பதற்குள் வளைவே போய்விட்டது. ‘மெதுவாக’ என்பதைத் திரும்பி வரும்போது ஓரம் நிறுத்திப் படித்தேன்.

இத்தனைக்கும் அவள் சாலையில் போட்டிருக்கிற வேகத்தைத் தாண்டுவதில்லை. தாண்ட வேண்டியதும் இல்லை. இந்த வண்டி நின்ற இடத்திலிருந்து அந்த வேகத்துக்குப் போகிற நேரத்தில் நான் ஒரு தும்மல்கூடப் போட்டு முடிக்க மாட்டேன்.

சாப்பிடும்போது மகன் கேட்டான்: “நூலகத்துல என்னப்பா படிச்சீங்க?”

“எல்லாம் ஒரே வார்த்தையில முடியற கதைப்பா.”

மருமகளுக்குப் புரையேறியது.

ஜூன் 11, புதன்

அவளுடைய பழைய ஹெல்மெட், வெள்ளை நிறம். இனி எனக்கு. பின்பக்கம் பெரிதாக எழுதிவிட்டேன். ‘என் தலை’. அழியாத மை.

ஜூன் 13, வெள்ளி

சாய்வது பிடிபட்டுவிட்டது. பாலம் தாண்டியதும் வருகிற நீண்ட வளைவில் அவள் தோள் ஒரு விரல்கடை அசையும். அதுதான் சைகை. கூடவே நானும் போவேன். தரை பக்கத்தில் வந்து நலம் விசாரித்துவிட்டுத் திரும்பிப் போகும். அந்த வளைவில் எனக்கு வயதே இல்லை.

நேற்று சிக்னலில் போக்குவரத்துக் காவலர் வண்டியைச் சுற்றி வந்தார். என்னைப் பார்த்தார். “பெரியவரே, உங்களை எங்கே கடத்திட்டுப் போறாங்க?”

“தெரியலை சார். போற வேகத்துல கேக்க முடியலை.”

அறிக்கையில் ‘பின்சுமை 68 கிலோ’ என்று எழுதுகிறாளாம். “அதுல பொய் ஏதாவது இருக்கா மாமா?” என்றாள். செருப்பையும் சேர்த்தால் இல்லை.

ஜூன் 16, திங்கள்

பாலத்துக்குப் பக்கத்துப் பலகை முழுவதையும் ஓடுகிற வண்டியிலேயே படித்துவிட்டேன். ‘வேகம் குறைக்கவும். முன்னால் வளைவு.’ வளைவு வருவதற்கு முன்பே படித்து முடித்தேன். அவள் முதுகில் தட்டிச் சொன்னேன். “எனக்குத் தெரியும் மாமா” என்று கத்தினாள். அவளுக்குத் தெரியும் என்பதா விஷயம்?

ஜூன் 18, புதன்

மாட்டிக்கொண்டோம்.

மகன் கடையிலிருந்து சீக்கிரம் வந்தான். மேசையில் செல்போனை வைத்தான். கடைக்கு வந்த யாரோ காட்டினார்களாம். ‘ரகசிய வண்டி சிக்கியது’ என்று படம். ஏதோ காரிலிருந்து எடுத்திருக்கிறார்கள். வரிக்குதிரை, அதன் மேல் மருமகள், அவளுக்குப் பின்னால் ஒரு வெள்ளை மண்டை. அதில் ‘என் தலை’. வண்டியைப் பற்றிப் பேசியவர்களைவிட அந்தத் தலையைப் பற்றிப் பேசியவர்கள்தான் அதிகமாம். ‘வேற யார் தலை?’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

மகன் கத்தவில்லை. என் டம்ளரை எடுத்துப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தான்.

“இது யார் எழுத்துப்பா?”

“யாரோ நல்லா எழுதியிருக்காங்க.”

“டம்ளர்ல இருக்கிற ‘எ’வுக்கும் இந்த ‘எ’வுக்கும் ஒரே மாதிரி வால் நீளுது.”

எழுதப் படிக்கத் தெரியாத காலத்தில் நான் எத்தனையோ தில்லுமுல்லு செய்திருக்கிறேன். ஒன்றில்கூட மாட்டியதில்லை.

அப்புறம் அவள் பக்கம் திரும்பினான். “எங்கப்பாவை மூட்டையா கட்டிட்டுப் போனியா?”

“கட்டலை. அவரே புடிச்சுக்கிட்டார்” என்றாள். சொல்லிவிட்டுத்தான் அழுதாள். கம்பெனியிலிருந்தும் கூப்பிட்டுவிட்டார்களாம். நாளைக் காலை.

என்ன காரியம் செய்து வைத்தேன். பார்க்கிற எல்லாவற்றிலும் எழுதினால் இப்படித்தான். அவள் எப்போதும் முன்னால் இருப்பவள், என் பின்மண்டையை அவள் எங்கே பார்த்தாள்? நான் பார்த்திருக்கணும். நான்தானே எழுதினேன்?

ஜூன் 19, வியாழன்

வேண்டாமென்று அவள் சொல்லியும் கூடவே போனேன். இஸ்திரி போட்ட சட்டை.

பெரிய இன்ஜினியர் மெதுவாகப் பேசுகிறவர். அப்படிப்பட்டவர்களிடம்தான் எனக்குப் பயம். அவள் எதையும் மறைக்கவில்லை. எத்தனை நாள், எந்தச் சாலை, எல்லாம் சொன்னாள். “விதிப்படி உங்களை இன்னிக்கே அனுப்பிடணும்” என்றார் அவர்.

“ஐயா, மூட்டை பேசலாமா?” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

“நான்தான் கெஞ்சினேன். அவ முடியாதுன்னுதான் சொன்னா. தப்பு பாதி என்னோடது. மீதிப் பாதி உங்க மூட்டையோடது. அது ஒழுங்கா சாய்ஞ்சிருந்தா நான் எதுக்கு வரப் போறேன்?”

வெகுநேரம் காகிதங்களைப் புரட்டினார். மூட்டை இருந்த நாள் அறிக்கையும் நான் இருந்த நாள் அறிக்கையும் ஒரே வண்டியைப் பற்றி எழுதினது மாதிரியே இல்லை என்றார். கடைசியில் வழி சொன்னார். பின்னால் ஆள் உட்காரலாம். ஆனால் ஐம்பது வயதுக்குள் இருக்க வேண்டும், உடல் பரிசோதனை வேண்டும், காப்பீடு வேண்டும். எடை அதே அறுபத்தெட்டு. கம்பெனியில் அந்த எடையில் இரண்டே பேர். ஒருவருக்கு முதுகுவலி. இன்னொருவர் வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று போனவர் வரவில்லை. திங்கட்கிழமைக்குள் ஆளைக் கூட்டி வந்தால் அவளே தொடரலாம். இல்லையென்றால் வண்டி வேறொருவருக்குப் போகும். வேலையும்.

நான் இனிமேல் ஏறக் கூடாது. அதை என்னைப் பார்த்துத் தனியாகச் சொன்னார்.

ஜூன் 20, வெள்ளி

ஐம்பதுக்குள், அறுபத்தெட்டு கிலோ. யோசித்து யோசித்துப் பார்த்தேன். யோசிக்க என்ன இருக்கிறது? என் உடம்புவாகு அப்படியே மகனுக்கு.

கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்ததே இல்லை. வெட்கம் என்று அவள் நினைக்கிறாள். அவனைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறவன் நான். ராட்டினத்தில் ஏற்றினால் டிக்கெட் கிழிக்கிறவனைக் கட்டிக்கொண்டு அழுவான். பயம்.

ஜூன் 21, சனி

அவள் கேட்டாளாம். “கடையை யார் பார்த்துப்பாங்க?” என்றானாம். அத்தோடு விட்டுவிட்டாள். கேட்டுக் கெஞ்சுகிற பெண் இல்லை.

ஜூன் 22, ஞாயிறு

பக்கத்தில் வீடு கட்டுகிறார்கள். ஒரு சாக்கு மணல் கேட்டு வாங்கினேன். முழுச் சாக்கைத் தூக்க இப்போது முடியவில்லை, பாதிதான். பாக்கிக்குத் துணியைத் திணித்தேன். இழுத்து வந்து சாப்பாட்டு மேசையில் மகனுடைய நாற்காலியில் உட்கார வைத்தேன். அவன் சட்டை ஒன்றையும் போட்டுவிட்டேன். பொருந்தியது.

சாப்பிட வந்தவன் நின்றுவிட்டான். “இது என்னப்பா?”

“உனக்குப் பதில் ஆள்.”

“விளையாடாதீங்க.”

“நான் எங்கே விளையாடறேன்? இவன் நாளைக்குப் போய் உட்கார்ந்தா உன் பொண்டாட்டி வேலை போயிடும். ஆனா பாவம், கூப்பிட்டதும் வந்துட்டான். கடையை யார் பார்த்துப்பாங்கன்னு கேக்கலை.”

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா தெரியவில்லை. மகன் வேறு நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டான். ஒவ்வொரு வாய்க்கும் மூட்டையை ஒரு பார்வை. அதுவும் அவனையேதான் பார்த்துக்கொண்டிருந்தது.

அதிகமாகப் போய்விட்டேனோ?

ஜூன் 23, திங்கள்

காலையில் என் அறை வாசலில் நின்றான். “அந்த ஹெல்மெட் எங்கேப்பா?”

கொடுப்பதற்கு முன் ஒரு வேலை இருந்தது. கொஞ்சம் இரு, துடைத்துத் தருகிறேன் என்று கதவைச் சாத்தினேன். இந்தத் தடவை உள்பக்கம், எந்தக் கேமராவும் எட்டாத இடத்தில், சின்ன எழுத்தாக எழுதினேன். ‘என் மகன் தலை’.

கடையை நான் பார்த்துக்கொண்டேன். கூட வேலை செய்கிற பெண் மருந்தை எடுத்துக் கொடுத்தாள். நான் புட்டிகளின் பேரைச் சத்தமாகப் படித்தேன். வந்தவர்களில் பாதிப் பேர் பயந்துவிட்டார்கள்.

ஜூன் 24, செவ்வாய்

முதல் நாள் அவன் வாந்தி எடுத்தானாம். அவள் சொல்லவில்லை. பஞ்சர் கடைக்காரர் சொன்னார்.

ஜூன் 27, வெள்ளி

வீட்டுக்கு வந்ததும் நேராக என்னிடம் வந்தான். தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. “அப்பா, பாலத்துக்கு அப்புறம் ஒரு வளைவு வருதே...” என்று ஆரம்பித்தான். மீதியைக் கையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் காட்டினான்.

“தெரியும்” என்றேன்.

எனக்கு அந்த வளைவு வேண்டும் போலிருந்தது. அவனிடம் சொல்லவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

மருமகளின் புது அடையாள அட்டை. வாங்கி நானே படித்தேன். ‘சோதனை ஓட்டுநர் - நிரந்தரம்.’ ‘நிரந்தரம்’ கொஞ்சம் நீளம். நிதானமாகப் படித்தேன். அவசரமா என்ன?

ஜூலை 4, வெள்ளி

அவளிடம் சொந்தமாகப் பழைய வண்டி ஒன்று உண்டு. கிழடு. என்னைப் போல இருமிவிட்டுத்தான் கிளம்பும். அதன் பின் சீட்டு சும்மாதான் கிடக்கிறது. ராத்திரி யாருக்கும் தெரியாமல் போய் எழுதிவிட்டு வந்தேன். ‘என் இடம்’.

ஜூலை 5, சனி

காலையில் போய்ப் பார்த்தேன். என் எழுத்துக்குக் கீழே, படித்தவன் கிறுக்குகிற வேகத்தில், மகன் எழுதியிருக்கிறான்: ‘ஞாயிறு மட்டும்’.

படிக்கத் தெரிந்தால் இதுதான் தொல்லை. தெரியாதென்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது.

ஹெல்மெட்டைத் துடைத்து வைத்துவிட்டேன். நாளை ஞாயிறு.