என் கல்லறைக்குப் பூ வைத்த மாப்பிள்ளை

பாயூ லாரோஸ், லூயிசியானா
1947 நவம்பர் 3

அன்பு மகள் லியோந்தீனுக்கு,

அம்மா ஒலிம்ப் எழுதுவது. நானும் அப்பாவும் நலம். நீ சிகாகோவுக்குப் போன வருஷம் வந்த வெள்ளத்தில் நாங்கள் இரண்டு பேரும் செத்துப்போனோம் என்று முந்தாநாள்தான் தெரிய வந்தது, அதைத் தவிர வேறு குறை ஒன்றும் இல்லை. நீயும் நலமாக இருப்பதாக உன் புருஷன் சொன்னான். ஆமாம், உன் புருஷன் ஆர்விட்தான். இங்கே வந்திருந்தான். நின்றுகொண்டு படித்தால் உட்கார்ந்துகொள். வழக்கம்போல இதையும் நீ வேலை செய்யும் தொப்பிக் கடை விலாசத்துக்கே அனுப்புகிறேன், பயப்படாதே. கறுப்பு வீட்டுப் பெண்ணான உன்னை வெள்ளைக்காரி என்று நினைத்துத்தான் அவன் கட்டிக்கொண்டான் என்பது எனக்குத் தெரியும். வீட்டைப் பற்றி அவனிடம் ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை என்று நீயே எழுதியிருந்தாய். சரி, வாயை மூடிக்கொண்டிருக்கிறாள், காலம் வரும்போது சொல்வாள் என்று நானும் பேசாமல் இருந்தேன். கொன்று புதைத்தே விட்டாய் என்று எனக்கு எப்படித் தெரியும்?

முந்தாநாள், சகல புனிதர் திருநாள் அன்று காலையில் வழக்கம்போலக் கல்லறைத் தோட்டத்தில் உன் தம்பி எமிலின் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தேன். பெயரை முதல் நாளே கறுப்பு மையால் புதிதாக எழுதிவிட்டேன். அப்பா தண்ணீர் கொண்டுவரப் போயிருந்தார். அப்போது உயரமாக, வெயிலில் சிவந்துபோன வெள்ளைக்காரன் ஒருவன் மஞ்சள் செவ்வந்தித் தொட்டி ஒன்றைக் குழந்தையைத் தூக்குவது போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தான். என்னைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றி, "அம்மா, மொரோ குடும்பத்துக் கல்லறை எங்க இருக்குன்னு சொல்றீங்களா? என் பொண்டாட்டி லியோந்தீனோட அப்பா அம்மா. வெள்ளத்துல போயிட்டாங்க" என்றான். கையில் இருந்த தூரிகை வாளிக்குள் விழுந்துவிட்டது. இந்த ஊர் வெள்ளைக்காரன் எவனாவது என்னை அம்மா என்று கூப்பிட்டிருக்கிறானா, அதையும் என் சாவைக் கேட்கிற வாயால் கேட்க வேண்டியிருந்தது. எமில் மொரோ என்று எழுதியிருந்த இடத்தைப் பாவாடையால் மறைத்துக்கொண்டு நின்றேன். பெற்ற பிள்ளையின் பெயரை, லியோந்தீன். ஆறு மாதத்தில் போன பிள்ளை அவன், அவனையும் இல்லை என்று ஆக்க வைத்துவிட்டாயே.

அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அந்த மனிதன் முகம் அப்படி இருந்தது. கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்கார மொரோக்களின் பெரிய கல்லறை இருக்கிறதே, குடும்பப் பெயரைத் தவிர வேறு எழுத்தே இல்லாமல், அங்கே கூட்டிப்போனேன். வாளியையும் கையோடு எடுத்துக்கொண்டேன். சுண்ணாம்பு வாளி கையில் இருந்தால் நம் நிறத்துக்காரி அந்தப் பக்கம் எதற்கு வந்தாள் என்று யாரும் கேட்க மாட்டார்கள், அது உனக்கும் தெரியும். அந்தக் கல்லுக்குள் யார் கிடக்கிறார் என்றும் உனக்குத் தெரியும். கிழவர் நார்சிஸ் மொரோ. உன் அப்பாவின் தாத்தாவைப் பெற்றவளை விலைக்கு வாங்கி, ஐந்து பிள்ளைகளைக் கொடுத்து, பெயரையும் மூக்கையும் கொடுத்து, விடுதலையை மட்டும் கொடுக்காமல் செத்த மகராசர். உன் வெள்ளைத் தோல் அவர் கொடுத்ததுதான். அவர் முன்னால் பூத்தொட்டியை வைத்து உன் புருஷன் முழங்கால் போட்டுச் செபம் செய்தான். "உங்க பொண்ண நல்லா பாத்துக்கறேன். மார்ச் மாசம் எங்களுக்குக் குழந்தை பொறக்கப்போகுது. பொண்ணு பொறந்தா ஒலிம்ப்னு உங்க பேரத்தான் வைக்கப்போறோம்" என்று கல்லிடம் சொன்னான். நான் வாளியோடு அவன் பின்னால் நின்று கேட்டேன். எனக்குப் பேரப்பிள்ளை வரப்போகிறது என்ற சேதி எனக்கு வந்த விதம் இது.

எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பெயரைக் கேட்டான். மரி என்றேன். ஞானஸ்நானத்தில் நம் பெண்கள் எல்லோருக்கும் மரி உண்டு, அதனால் பொய் இல்லை. அப்புறம் ஒரு கேமராவை எடுத்தான். உன் பிறந்தநாளுக்கு, டிசம்பர் பன்னிரண்டாம் தேதி, அந்தக் கல்லறைப் படத்தைச் சட்டம் போட்டு உன் கையில் தரப்போகிறானாம், நீ சந்தோஷத்தில் அழுவாயாம். "கொஞ்சம் தள்ளி நிக்கறீங்களா அம்மா?" என்றான். இரண்டு எட்டுத் தள்ளி நின்றேன். பிறகு என்ன வந்ததோ எனக்கு, அவன் கேமராவுக்குள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது திரும்பி வந்து கல்லின் மேல் கையை வைத்து நேராகப் பார்த்தபடி நின்றுவிட்டேன். அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான், பிறகு அப்படியே எடுத்தான். போகும்போது எல்லோரும் பார்க்க என் கையைப் பிடித்துக் குலுக்கினான். சுண்ணாம்புக் கை என்று சொன்னேன், பரவாயில்லை என்றான். நல்லவனாகத்தான் பிடித்திருக்கிறாய், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

அப்பாவிடம் சொன்னேன். முதலில் சிரித்தார். "நான்தான் செத்துட்டேனே, நாளைக்குக் கரும்பு வெட்ட வேற ஆளப் பாத்துக்கச் சொல்லு" என்று பூட்ஸைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் படுத்துக்கொண்டார். கறிச்சாறு கொடுத்தால் செத்தவனுக்கு எதுக்கு என்றார். சாயங்காலம் கல்லறைகளுக்கு மெழுகுவத்தி ஏற்றப் போகும்போது என் கூட வந்தார். பாதி வழியில், "ஆளு எப்படி இருந்தான்? நல்லா சாப்பிடறவனா?" என்று மெதுவாகக் கேட்டார். அங்கே போனதும் அந்தச் செவ்வந்தித் தொட்டியை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து தூக்கிவந்து எமில் தலைமாட்டில் வைத்தார். யார் என்ன சொன்னாலும் பரவாயில்லை என்று வாளிகூட எடுக்காமல் போனார்.

இங்கே கறுப்பும் வெள்ளையும் கட்டிக்கொண்டால் அந்தக் கல்யாணம் செல்லாது, சிறைக்குள் தள்ளுவார்கள். அங்கே அப்படி ஒரு சட்டம் இல்லை என்று நீதானே எழுதினாய். பிறகு யாருக்குப் பயந்து சாகிறாய், எங்களையும் சாகடிக்கிறாய்? குழந்தை எந்த நிறத்தில் வரும் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நீ பால் நிறத்தில் பிறந்தாய். அதே வயிற்றில் எமில் என்னைப் போல, காய்ச்சிய கரும்புப் பாகு நிறத்தில் பிறந்தான். உன் குழந்தை எமிலைப் போல வந்தால் அந்த மனிதன் என்ன நினைப்பான்? தாத்தா பாட்டியை நினைக்க மாட்டான், அவர்கள்தான் வெள்ளத்தில் போய்விட்டார்களே. வேறு எவனையோ நினைப்பான். அந்தப் பழியை வாங்கிக்கொள்வாயே தவிர உண்மையைச் சொல்ல மாட்டாய், உன் பிடிவாதம் எனக்குத் தெரியும். அதனால்தான் சொல்கிறேன், பிள்ளை பிறப்பதற்கு முன்னால் உன் வாயாலேயே சொல்லிவிடு. விட்டுப் போகிறவனாக இருந்தால் வயிற்றில் இருக்கும்போதே போகட்டும், வீட்டுக்கு வா, நாங்கள் சாகவில்லை. இருக்கிறவனாக இருந்தால் என் பேத்திக்கு உயிரோடு இருக்கிறவளின் பெயரை வையுங்கள்.

கனமானது எதையும் தூக்காதே. கடையில் நாள் முழுக்க நிற்காதே, கால் வீங்கும். ஈரல் வாங்கிச் சாப்பிடு. அத்திப்பழம் பாகில் போட்டு இரண்டு ஜாடி எடுத்து வைத்திருக்கிறேன். உனக்கு அனுப்பினால் யார் அனுப்பியது என்று அவன் கேட்பானே என்று இங்கேயே கிடக்கிறது. மாதா உன்னையும் உன் வயிற்றில் இருப்பதையும் காப்பாற்றட்டும். அப்பா தன் ஆசீர்வாதத்தையும் எழுதச் சொன்னார், கோபம் தீரவில்லை என்பதையும் எழுதச் சொன்னார். டிசம்பர் பன்னிரண்டை மறந்துவிடாதே. படத்தில் கல்லின் மேல் கை வைத்து நிற்கிற பொம்பளை யார் என்று அவன் கேட்க மாட்டான், அவனுக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மரி என்று தெரியும். நீதான் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
உயிரோடு இருக்கும் உன் அம்மா,
ஒலிம்ப் மொரோ