மூன்றாம் மெஷின் சுத்தம் என்றது ப்ரோலாக்

இன்று சாயப்பட்டறைக்குள் நுழைந்ததும் அசிட்டிக் ஆசிட் வாடை மூக்கில் ஏறியது. அதோடு நீயும் வந்தாய். துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு, பட்டறை மாடியறையில் என் பக்கத்தில் உட்கார்ந்து ப்ரோலாக் என்ற கணினி மொழியில் விதி எழுதிய நீ.

எந்தத் துணியை எந்த மெஷினில் எதற்குப் பிறகு ஏற்றுவது என்று சொல்லும் நிரல் அது. அடர்நிறம் ஓடிய மெஷினைக் கழுவாமல் வெளிர்நிறம் ஏற்றக் கூடாது, இப்படி விதிகள். "நாம விதியச் சொன்னாப் போதும் புள்ள, வழிய அதே தேடிக்கும்" என்றாய். உண்மைதான், புது விதி வந்தால் ஒரு வரி சேர்த்தோம், பழையதைக் கலைக்கவில்லை. ஆனால் ஒரு வாரத்துத் துணியை மொத்தமாகக் கொடுத்த அன்று, ஒவ்வொரு வழியாகப் போய் முட்டித் திரும்பி, நாம் சாப்பிட்டு வந்த பிறகும் தேடிக்கொண்டே இருந்தது. விதிகளை முன்பின்னாக மாற்றியபின்தான் விடை வந்தது.

"சொன்னாப் போதும்னியே?" என்றேன்.

"எந்த வரிசைல சொல்லோணும்னு நீ கேக்கவே இல்லியே" என்று சிரித்தாய். பிறகு சிரிப்பில்லாமல் சொன்னாய்: "இன்னொண்ணு. நாம சொல்லாதத, நடக்கலைன்னே அது எடுத்துக்கும். தெரியலைன்னு சொல்லவே சொல்லாது."

நீ கண்மூடி இது இரண்டாவது ஆடி. பிரசவம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய வாரம். ஏற்றுமதியாகும் கைக்குழந்தைச் சட்டைக்கான வெளிர்மஞ்சள் துணி காத்திருந்தது. மூன்றாம் மெஷினில் ஏற்றலாம் என்றது நம் நிரல். அடர்நிறம் ஓடியதாகப் பதிவே இல்லை. ஆனால் நேற்று முழுக்க நெட்வொர்க் இல்லை; எந்தப் பதிவுமே ஏறியிருக்காது.

"கம்ப்யூட்டரே ஓக்கேங்குது. நீங்க ஏனுங்க மேடம் புடிச்சு வெக்கறீங்க? கப்பல் உங்களுக்காக நிக்குமுங்களா?" என்றார் சூப்பர்வைசர்.

"மெஷினக் கழுவுனாங்களாங்க?"

"கழுவியிருப்பாங்க."

"இருப்பாங்கன்னு வேண்டாமுங்க. தொறந்து காட்டுங்க."

வீணாக நிறுத்தியிருந்தால், வந்த வாரமே வேலை போகும். முணுமுணுத்தபடி அவர் வெள்ளைத் துணியை உள்ளே விட்டுத் துடைத்தார். நீலமாக வந்தது.

விதியை மாற்றிவிட்டேன். கழுவியாயிற்று என்று யாராவது சொல்லியிருந்தால் மட்டுமே மெஷின் சுத்தம். இப்போது பாதி மெஷின்கள் சுத்தமில்லை என்கிறது நிரல். ஒவ்வொன்றையும் ஆள் போய்த் திறந்து பார்க்க வேண்டும்; வேலை இழுக்கும். முதலாளி நாளைக் காலையில் கூப்பிட்டிருக்கிறார். உன்னைப்போலச் சிரித்துச் சமாளிக்க எனக்கு வராது. ஆனாலும் விதியை எடுக்க மாட்டேன்.

வீட்டு உள்ளறையில் பாப்பா சத்தமே இல்லாமல் தூங்குகிறாள். எழுந்து போய், மூக்கருகே விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் இந்த வரியை எழுதுகிறேன்.