சுவருக்குப் பின்னால் ஒதுங்காதே

ராமலட்சுமிக்கு,

பஞ்சத்தில் பாண் ரொட்டிக்குக் கியூவில் நின்ற வருடம் நம் தோட்டத்து லயத்து வீடுகளுக்கு மேலிருந்து பாறை உருண்டதே, போனில் அந்தப் பேச்சை எடுத்தாலே வைத்துவிடுகிறாய். அதனால் கடைக்கார ஸியாம் தம்பியை எழுதச் சொல்கிறேன். நான் சுகம். உன் மூட்டுவலி எப்படி?

ஹல்துமுல்லையில் நான் காவல் இருக்கும் இடத்தில், உருளும் பாறையைத் தடுக்கக் கொங்கிறீட் சுவர் கட்டியிருக்கிறார்கள். நேற்று பெரிய கல்லொன்றைக் கிரேனில் தொங்கவிட்டு அந்தச் சுவரில் மோதவிட்டார்கள். நான் தள்ளி ஓடினேன். எஞ்சினியர் பிள்ளை மேனுஷா சிரித்தாள்.

"பயப்படாதீங்க தாத்தா. உள்ளுக்கு நெருக்கமா கம்பி இருக்கு. கீறல் விழும், வளையும், சிதறாது."

அப்படித்தான் நின்றது. ஒரு சில்லும் தெறிக்கவில்லை.

"எங்க லயத்துல திரும்பக் கட்டுன சுவர்லயும் கம்பி இல்லம்மா" என்றேன். அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

"அதுக்குப் பின்னால யாரும் ஒதுங்க வேணாம்னு சொல்லுங்க."

அங்கே மழையாம். பாறைச் சத்தம் கேட்டால் கோயில் பக்கம் ஓடு. என் கம்பளிச் சட்டையை பஸ்கார லிங்கத்திடம் கொடுத்துவிடு, குளிர் தாங்கவில்லை. ஸியாம் கடையைப் பூட்டப் போகிறார்.

அன்று சுவரை நம்பி ஒதுங்கியவர்கள் மேல் பாறை படவே இல்லை, உடைந்த சுவர்தான் விழுந்தது. அவர்களில் இன்று உயிரோடு இருப்பது நீ ஒருத்திதான், ராமலட்சுமி.