தாழப் பறக்கச் சொன்னது நான்தான், அப்பா

என் அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருசம் முடியப்போகிறது. முப்பத்தோராம் நாளுக்கு அச்சடித்த நினைவு மலரில் உங்களைப் பற்றி நான்கு வரி எழுதினேன். பிறந்த ஊர், பார்த்த வேலை, புலம்பெயர்ந்து செவன் கிங்ஸுக்கு வந்து இருந்த காலம், கடைசியில் "சிறிது கால சுகவீனத்தின் பின்" என்று ஒரு முடிவு. ஒன்றும் பொய்யில்லை. ஆனால் அந்த நான்கு வரிக்குள் ஒன்றை ஒளித்து வைத்துவிட்டேன். அதை உங்களிடம் சொல்லத்தான் இந்தக் கடிதம். அந்த மலரை வாசித்தவர்கள் இதையும் வாசிக்கட்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மா சுகமாக இருக்கிறா. முழங்கால் நோவுக்கு ஊசி போட்டது. தம்பி நோர்பரியில் வீடு வாங்கிப் போய்விட்டான், ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளோடு வருவான். ஈஸ்ட் ஹாமில் என் கண்ணாடிக் கடைக்கு உங்கள் கூட்டாளிகள் இப்போதும் வருகிறார்கள். கண் சோதிக்க வந்து, உங்களைப் பற்றிக் கதைத்துவிட்டு, எழுத்துப் பலகையைப் பார்க்காமலே எழும்பிப் போகிறார்கள்.

என்னுடைய "பிளேன் ஆக்கள்" சுகமா என்று கேட்பீர்கள். அப்படித்தான் அவர்களைச் சொல்வீர்கள். எங்கள் கவுண்டி மாவட்டத்தின் தொண்டர் வான்தேடல் அணி என்று நான் எத்தனை தரம் விளங்கப்படுத்தினாலும் உங்களுக்கு அவர்கள் பிளேன் ஆக்கள்தான். சம்பளம் இல்லை. சீருடை என்று ஒரு மஞ்சள் மேலங்கி மட்டும். சின்ன விமானம் சொந்தமாக வைத்திருக்கிற ஐந்தாறு பேர், பக்கத்தில் இருந்து நிலத்தைப் பார்க்கிற அவதானிப்பாளர்கள், கீழே ரேடியோவோடு இருக்கிறவர்கள். ஆளைக் காணவில்லை என்று போலீஸ் கேட்டால், புல்வெளி ஓடுபாதையில் இருந்து கிளம்பிப்போய்க் கட்டம் கட்டமாகத் தேடுவோம்.

நான் அவதானிப்பாளராகச் சேர்ந்த அன்று நீங்கள் அம்மாவுக்குச் சொன்னது எனக்குக் கேட்டது. "கண்ணாடிக் கடைக்காரியைப் பிடிச்சுச் சேர்த்திருக்கிறாங்கள். அவங்களுக்கே கண் தெரியேல்லைப் போல."

ஏன் சேர்ந்தேன் என்று நீங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. காணாமல் போனவர்களைத் தேடுவது போரைக் கண்டு வந்த எங்கள் சனத்துக்குப் புதிதில்லை. தேடுவதற்கு ஒரு பிளேன் வரும் என்பதுதான் எனக்குப் புதிதாக இருந்தது. அந்த ஆச்சரியத்தில்தான் சேர்ந்தேன் என்று இப்போது நினைக்கிறேன்.

ஒருமுறை உங்களை அந்த ஓடுபாதைக்குக் கூட்டிப்போனேன். அப்போது உங்களுக்கு மறதி நோய் அவ்வளவாக இல்லை. எங்கள் விமானி கொலின், பேக்கரி நடத்தி ஓய்வு பெற்றவர், உங்களுக்குத் தேநீர் தந்தார். நன்றாகக் கதைத்துக்கொண்டிருந்தீர்கள். அவர் விமானத்தைக் கிளப்பியதும் காருக்குள் போய் இருந்து கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டீர்கள். என்னப்பா என்று கேட்டேன். "குளிருது பிள்ளை," என்றீர்கள். அது ஆடி மாதம், நல்ல வெயில். எப்படி நம்பினேன்?

போன ஐப்பசியில் ஒரு பின்னேரம், அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரம், நீங்கள் நீலச் சுவெட்டரோடு வெளியே போனீர்கள். செவன் கிங்ஸ் ஸ்டேசனில் ரயில் ஏறி, கடைசி நிலையமான ஷென்ஃபீல்டில் இறங்கி, வயல்களின் பக்கம் நடந்தது கமராவில் இருந்தது. இரவு மழை. போலீசும் தம்பியும் றோட்டு றோட்டாகத் தேடினார்கள். காலையில் போலீஸ் ஹெலிகொப்டர் வேறொரு தேடலில் இருந்ததால் எங்கள் அணியைக் கூப்பிட்டார்கள். என் அப்பாவைத் தேட என் ஆட்கள்.

சொந்தக்காரரைத் தேடும்போது அணியில் உள்ளவர் விமானத்தில் ஏறக் கூடாது. அது எங்கள் விதி. அழுகிற கண்ணுக்கு நிலம் தெரியாது என்பது ஒருங்கிணைப்பாளர் மார்கரெட்டின் விளக்கம். அதனால் வயல் ஓரத்தில் நிறுத்திய வான் வண்டிக்குள், மார்கரெட்டின் ரேடியோவுக்குப் பக்கத்தில் என்னை இருத்தினார்கள். கொலின் மேலே போனார். பக்கத்தில் அவதானிப்பாளராக ஒரு தாதி.

முதல் சுற்றிலேயே கண்டார்கள் அப்பா. வேலி ஓரம் நீல நிறத்தில் ஓர் ஆள் நிற்கிறார் என்று தாதி சொன்னா. நான் எழும்பிவிட்டேன். விமானம் திரும்பி வந்தபோது அங்கே ஒருவரும் இல்லை. நாயோடு நடக்க வந்த யாராவது இருக்கலாம் என்றார் கொலின். மார்கரெட் என்னைப் பார்த்து, அப்பாவாக இருந்தால் என்ன செய்வார் என்று கேட்டா.

நான் யோசிக்கவே இல்லை. அப்பாவுக்குக் கொலினின் விமானத்தைத் தெரியும், கண்டால் கை காட்டுவார், உயரத்தில் இருப்பதால் அடையாளம் தெரியவில்லை, இன்னும் தாழ வரச் சொல்லுங்கள் என்றேன். மார்கரெட் அதை அப்படியே ரேடியோவில் சொன்னா. பதிவேட்டிலும் எழுதினா: குடும்பத்தவர் தாழப் பறக்கக் கேட்கிறார்.

கொலின் சட்டம் விட்ட அளவுக்குத் தாழ வந்தார். அந்த வேலிக்கு மேலால் நாலு தரம். ஒவ்வொரு தரமும் ஒன்றும் இல்லை என்று தாதியின் குரல் வரும். ஒவ்வொரு தரமும் நான் இன்னொருக்கா என்பேன். பிறகு அந்தக் கட்டத்தை விட்டுவிட்டு அடுத்த கட்டங்களுக்குப் போனார்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் போனது.

அம்மா ஃபோன் எடுத்தா. நான் எல்லாம் சொன்னேன், நீல நிறம் தெரிந்து மறைந்ததையும் சொன்னேன். தாழப் பறக்கச் சொன்னது யார் என்பதை மட்டும் சொல்லவில்லை. அம்மா கேட்டா:

"பிள்ளை, பொம்பர் வரேக்க அந்த மனிசன் எங்களை எங்க படுக்க வைக்கிறவர்?"

ஊரில் பொம்பர் விமானம் வந்து குண்டு போட்ட காலத்தில் எனக்குப் பத்து வயது. பங்கர் தூரமாக இருந்தால், வேலியோரம் மழைத்தண்ணீர் ஓடுகிற காணுக்குள் முகம் குப்புற. வாய்க்குள் துணி, காதுக்குள் விரல். முதல் பொம்பர் போனாலும் எழும்ப விடமாட்டீர்கள்.

"அதை முதல்ல நிப்பாட்டச் சொல்லு. நடந்து போய்க் கூப்பிடு," என்றா அம்மா.

நாங்கள் உங்களைத் தேடவில்லை அப்பா. உங்களைத் துரத்திக்கொண்டிருந்தோம்.

விமானத்தைத் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டு ஓடினேன். மார்கரெட்டும் இரண்டு போலீஸ்காரரும் பின்னால் வந்தார்கள். போலீஸ் நாயைக் கொண்டுவர வேண்டாம், ஒருவரும் ஆங்கிலத்தில் கூப்பிட வேண்டாம் என்றேன். ஏனென்று அவர்கள் கேட்கவில்லை. வேலி நெடுக நடந்து, "அப்பா, பொம்பர் போயிட்டுது, எழும்புங்கோ," என்று கத்தினேன். பெருந்தெருவின் கார்ச் சத்தம் கேட்கிற அந்த வயலில், இத்தனை வருசத்துக்குப் பிறகு அந்தச் சொற்களைச் சொல்ல என் வாய்க்குத் தெரிந்திருந்தது.

முதலில் கண்ட இடத்தில் இருந்து ஐம்பது அடிகூட இல்லை. முட்செடி மூடிய காணுக்குள், தண்ணீரில் நெஞ்சு பட, குப்புறக் கிடந்தீர்கள். கைலேஞ்சித் துணியைப் பல்லுக்குள் கடித்திருந்தீர்கள். நான் தோளைத் தொட்டதும் தலையைத் திருப்பிப் பார்த்தீர்கள். என்னைத் தெரிந்தது. பல நாளாக அம்மாவையே யாரென்று கேட்டுக்கொண்டிருந்த உங்களுக்கு அன்று என்னைத் தெரிந்தது. கைலேஞ்சியை எடுத்துவிட்டு, என் தலையைப் பிடித்துக் கீழே அமர்த்தினீர்கள்.

"படு பிள்ளை. மற்றது வரும்."

நான் படுத்தேன். வேறென்ன செய்ய? அந்தக் குளிர்த் தண்ணீருக்குள் உங்களுக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்துக்கொண்டேன். உங்கள் கை என் தலையில் இருந்தது. மார்கரெட் போலீஸ்காரரைக் கையால் மறித்து நிறுத்தியதாகப் பிறகு சொன்னா. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் நீங்களே, "சரி, இனி எழும்புவம்," என்றீர்கள்.

அதற்குப் பிறகு நடந்தது மலரில் இருக்கிறது. நெஞ்சுச் சளி, ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. இரவு முழுக்க மழையில் நின்றவர், எப்படியும் வந்திருக்கும் என்றார் டொக்டர். முதல் சுற்றில் நீங்கள் நின்றுகொண்டிருந்தீர்களே அப்பா. அந்த இரண்டு மணித்தியாலத் தண்ணீர் இல்லாவிட்டால்? டொக்டரிடம் அதை நான் கேட்கவில்லை. யாரிடமும் கேட்கவில்லை.

முப்பத்தோராம் நாளுக்குக் கொலின் வந்தார். கறுப்புக் கோட்டோடு வந்து, எல்லாரும் சப்பாத்தைக் கழற்றியதைப் பார்த்துத் தானும் கழற்றிவிட்டு, ஒரு மூலையில் நின்றார். "இவரோ பிளேன் ஓட்டினவர்?" என்று அம்மா என்னிடம் கேட்டா. ஓம் என்றேன். கொலின் அம்மாவுக்கு முன்னால் வந்து, தான் அவ்வளவு தாழ வந்திருக்கக் கூடாது, மன்னிக்க வேண்டும் என்று சொல்லி அழுதார். மொழிபெயர்த்தது நான். ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். அவரைத் தாழ வரச் சொன்னது நான்தான் என்று அதோடு சேர்த்துச் சொல்லவில்லை. கொலினும் சொல்லவில்லை. என்னை ஒருமுறை பார்த்தார், அவ்வளவுதான். "பாவம், சாப்பிடச் சொல்லு," என்றா அம்மா. கொலின் மரக்கறிச் சோற்றைக் கையால் சாப்பிட்டார். ஒரு தமிழ்ப் பெண் சொன்ன பிழையைத் தன் தலையில் சுமந்துகொண்டு, அவளுடைய வீட்டிலேயே, அவள் பரிமாறச் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு நான் மேலே ஏறவில்லை. அணியை விட்டும் போகவில்லை. குடும்பத்தவரோடு ஃபோனில் கதைத்துப் படிவம் நிரப்புகிற வேலையைக் கேட்டு வாங்கினேன். உயரம், உடுப்பு, நோய், போக விரும்பும் இடம் என்று கேள்விகள் உள்ள படிவம் அது. வசந்தத்தில் நடந்த கூட்டத்தில், இன்னொரு கேள்வி சேர்க்க வேண்டும் என்று மார்கரெட் சொன்னா: விமானச் சத்தம் கேட்டால் இவர் வெளியே வருவாரா, ஒளிவாரா? கலங்கி நிற்கிற சனத்திடம் இப்படியும் கேட்பதா என்று ஒருவர் மறுத்தார். கொலின் கையை உயர்த்தி, போடுங்கள் என்று மட்டும் சொன்னார். போட்டாயிற்று. பக்கத்துக் கவுண்டி அணியும் அதைக் கேட்டு வாங்கியிருக்கிறது.

ஒரு மாதத்துக்கு முன் வேறொரு நாட்டுப் பெண் தன் தமையனைக் காணவில்லை என்று அழைத்தா. கடகடவென்று எல்லாவற்றுக்கும் பதில் சொன்னவ, இந்தக் கேள்விக்கு நின்றுபோனா. பிறகு, ஒளிவார் என்றா. விமானம் அனுப்பவில்லை. அந்த மனிதர் சினேகிதர் வீட்டில் நித்திரையாக இருந்தது பிறகு தெரிந்தது. என்றாலும் அவ பேசாமல் இருந்த அந்த நேரம் எனக்குள் நின்றுவிட்டது. கேட்கிறவள் தன் பதிலை ஒளித்துவைத்துக்கொண்டு மற்றவர்களிடம் கேட்கலாமா?

போன ஞாயிறு, உங்கள் ஆண்டுத் திவசத்துக்குச் சொல்ல வேண்டியவர்களின் பெயரை அம்மா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருந்தேன். "அந்தக் கொலினையும் எழுது. தாழ வந்திட்டன் எண்டு அழுத மனிசன்," என்றா. பேனையை வைத்துவிட்டேன்.

"அம்மா, அவரைத் தாழ வரச் சொன்னது நான்."

அம்மா பெயர்ப் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தா.

"தெரியும். நீ சொல்லாட்டி அந்த மனிசனுக்கு அந்த ஒரு வேலிக்கு மேலால நாலுதரம் சுத்த என்ன விசரோ?"

தெரிந்துகொண்டு ஏன் ஒரு வருசம் கேட்கவில்லை என்றேன். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், நானும் அந்தக் காணுக்குள் கிடந்தவள்தானே, எப்படி மறந்தேன் என்று அழுதேன். அம்மா என் முகத்தைத் துடைக்கவில்லை, கட்டிப்பிடிக்கவும் இல்லை. உங்களுக்குத் தெரியும், அப்படியான ஆள் இல்லை அவ.

"நீ மறக்கட்டும் எண்டுதானே பிள்ளை உங்களை இஞ்ச கொண்டந்தனாங்கள்," என்றா. "கொப்பர் மறக்கேல்லை. நீ மறந்திட்டாய். இதைக் கேட்டிருந்தா அந்த மனிசன் சந்தோசப்பட்டிருக்கும்."

அப்படியா அப்பா? நீங்கள் இருந்திருந்தால் இதற்கு என்ன சொல்லியிருப்பீர்கள்? சந்தோசப்பட்டிருப்பீர்களா, இல்லை அம்மா எனக்காகச் சொன்னதா? உங்களிடம் கேட்டு அறிய வழியில்லை. கொலினுக்கு மட்டும் அன்று பின்னேரமே ஃபோன் எடுத்துத் திவசத்துக்கு அழைத்து, அம்மாவிடம் சொல்லிவிட்டேன் என்றேன். திவசத்துக்கு என்ன கொண்டுவரலாம் என்று அவர் கேட்டார்.

வரும் சனிக்கிழமை நான் மறுபடியும் மேலே ஏறுகிறேன். பயமாகத்தான் இருக்கிறது. உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். கீழே இருப்பவர் யார், எங்கிருந்து வந்தவர், எங்கள் சத்தம் அவருக்கு என்ன சொல்லும் என்று கேட்டு அறியாமல் ஒருவருடைய தலைக்கு மேலாலும் பறக்க மாட்டேன். பதில் தெரியாவிட்டால் இறங்கி, அவருடைய பாசையில் கூப்பிடத் தெரிந்த ஒருவரோடு நடந்து போவேன்.

உங்களுக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்திருந்த
உங்கள் மூத்த மகள்